மலையிறங்கி வந்து படியுங்கள் என்ற அறிவிப்பு குறித்து: சிறுதொழில் பயிற்சி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சிறுதொழில் நடத்துவதற்கான சான்றிதழ்ப் பயிற்சியைக் கொடைக்கானல் மலையில் நடத்திவரும் நிர்வாகத்தினர், அதற்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

கொடைக்கானலில் நாங்கள் படித்துவரும் பயிற்சி மையத்தின் கதவில் சென்ற திங்கட்கிழமை ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. போதிய வருகை இல்லாததால் அடுத்த மாதம் முதல் எங்கள் வகுப்புகள் திண்டுக்கல்லில் உள்ள தலைமை மையத்துடன் இணைக்கப்படும் என்றும், இறுதி மதிப்பீட்டுத் தேர்வும் அங்கேயே நடைபெறும் என்றும், வர இயலாதவர்கள் தங்கள் பெயரை நீக்கிக்கொள்ள எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் இருந்தது. எங்களில் எவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவு இது. பெயரை நீக்கச் சொல்லி நான் விண்ணப்பிக்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தின் பெயரையோ, அங்கே பணிபுரியும் எவருடைய பெயரையோ இதில் நான் குறிப்பிடவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமில்லை. படிக்கும்போதே யாருக்கு எழுதியது என்பது உரியவர்களுக்குப் புரியும்.

நான் கொடைக்கானலின் மேல்மலைப் பகுதியைச் சேர்ந்தவள். பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். எங்கள் அரை ஏக்கரில் விளையும் மலைப்பூண்டை அப்படியே கொத்தாகக் கட்டியும், ஊறுகாயாகப் போட்டும், தேனில் ஊறவைத்தும் விற்கிறேன். பருவத்தில் பிளம்ஸும் பேரிக்காயும் வைப்பேன். கடை என் மாமியார் காலத்தில் ஒரு சாக்கு விரிப்பில் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கடந்த பிப்ரவரியில், ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்ந்தேன். வங்கியில் கடன் கேட்கப் போனபோது "பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டார்கள் என்பது ஒரு காரணம். கடை நன்றாக ஓடுவதுபோல் தெரிந்தும் வீட்டில் பணம் தங்காதது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அந்தக் கேள்விக்கு உங்கள் பயிற்சி எனக்கு விடை சொன்னது. இதை முதலிலேயே பதிவு செய்வது நியாயம் என்று கருதுகிறேன், ஏனென்றால் பயிற்சி வீண் என்று சொல்ல நான் வரவில்லை. அது கைவிட்டுப் போகிறதே என்ற ஆற்றாமையில்தான் எழுதுகிறேன். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அடக்கவிலை போடும் பாடம் நடந்தது. எங்கள் பயிற்றுநர் கரும்பலகையில் இருந்த உதாரணத்தை அழித்துவிட்டு, "அவரவர் விற்கும் பொருளுக்கே போடுங்கள்" என்றார். நான் 250 கிராம் பூண்டு ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டேன். ஒரு முறை போட்டால் நாற்பது பாட்டில் வரும். நல்லெண்ணெய் 3 லிட்டர் 1,140 ரூபாய், புளி, வெல்லம், மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் சேர்த்து 360, கேஸ் 120, மூடியுடன் கண்ணாடிப் பாட்டில் 560, லேபிள் 80. ஆகமொத்தம் 2,260, பாட்டிலுக்கு 56 ரூபாய் 50 காசு. 120 ரூபாய்க்கு விற்கிறேன், 63 ரூபாய் 50 காசு லாபம் என்று பெருமையாக எழுந்து சொன்னேன். "பூண்டு எங்கேம்மா?" என்று கேட்டார். "பூண்டு நம்ம தோட்டத்ததுதானே சார்" என்றேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

ஆறு கிலோ பூண்டை வியாபாரியிடம் கொடுத்திருந்தால் அன்றைய விலைக்கு 1,800 ரூபாய் கிடைத்திருக்கும். அது பாட்டிலுக்கு 45 ரூபாய். லாபம் 18 ரூபாய் 50 காசாகச் சுருங்கியது. பிறகு என் கூலியையும், உரித்துக் கொடுக்கும் என் நாத்தனாரின் கூலியையும் ஆளுக்கு ஒரு நாள் 400 ரூபாய் என்று போடச் சொன்னார். பாட்டிலுக்கு 20 ரூபாய். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒன்றரை ரூபாய் என் கையிலிருந்து கொடுத்து ஊராருக்கு ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது. வழியில் உடையும் பாட்டிலை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. மறுவாரம் விலையை 150 ஆக்கினேன். வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் இரண்டு டப்பாவில் போடுவதும், சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையத்தில் இலவசமாகச் செய்யக்கூடியது என்பதும் இதே வகுப்பில் கற்றவைதாம். (அந்த இலவசப் பதிவுக்கு நான் பிரவுசிங் சென்டரில் 500 ரூபாய் கொடுத்திருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

இப்போது நீங்கள் முன்வைக்கும் காரணத்துக்கு வருகிறேன். வருகை குறைந்தது என்பது உண்மை. எங்கள் பத்தொன்பது பேரில் பெரும்பாலோர் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை பல நாட்கள் வரவில்லை. நானே இருபத்திரண்டு நாட்கள் வரவில்லை. ஆனால் அந்த நாட்கள் எவை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நாட்காட்டியைப் பார்த்தார்களா என்று அறிய விரும்புகிறேன். அவை கோடை சீசன் நாட்கள். கீழே பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் மலைக்கு வண்டிகள் ஏறத் தொடங்கும். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் வரும். மழை பிடித்துப் பள்ளிகள் திறந்ததும் சாலை வெறிச்சோடிவிடும். ஆண்டு முழுவதும் அடுப்பெரிவதற்கான பணத்தை இந்த ஏழெட்டு வாரங்களில் ஈட்டினால்தான் உண்டு. என்னுடன் படிப்பவர்களில் ஒருவர் ஏரிக்கரையில் குதிரை விடுகிறவர், ஒருவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர், இருவர் வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் பெண்கள், ஒருவர் சாலையோரம் சோளம் சுடுகிறவர். சிறுதொழில் நடத்துவது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சி, ஏற்கெனவே சிறுதொழில் நடத்துகிறவர்களை, அவர்களுடைய தொழில் நடக்கும் ஒரே பருவத்தில், திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வகுப்பறையில் உட்காரச் சொன்னது. நாங்கள் கடையைத் திறந்தோம். வேறென்ன செய்திருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வந்த நாட்களே முழுமையாகப் பதிவாகவில்லை. வருகையைக் கைரேகைக் கருவியில் பதிய வேண்டும் என்பது விதி. நாள் முழுவதும் பூண்டு உரிக்கிறவளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பூண்டின் காரத்தில் தோல் உரிந்து, நுனி வழவழப்பாகி, ரேகை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இருக்காது. குளிர் நாட்களில் ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவுகிறவர்களுக்கும் இதே நிலைதான். கருவியின் மீது விரலை வைப்போம். சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு வைப்போம், சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் விழும் என்று ஒரு அக்கா சொன்னதைக் கேட்டு அதற்காகவே பையில் ஒரு சிறு புட்டி கொண்டுபோனேன். சில நாள் விழுந்தது, பல நாள் விழவில்லை. மழை நாளில் சிக்னல் போய்விட்டால் யாருடைய விரலும் விழாது. இவற்றையெல்லாம் பயிற்றுநர் ஒரு நோட்டில் தனியாகக் குறித்து எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்த நோட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று அறிகிறேன். என் வருகைப் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். சட்டம் சொல்லும் 30 நாட்களுக்குள் பதில் வரும் என்று நம்புகிறேன்.

வருகை குறைந்ததற்கு நீங்கள் கண்ட தீர்வு, மையத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோவது. கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதில் வத்தலக்குண்டு வரையிலான பாதை பெரும்பகுதியும் மலைப்பாதை. மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கே 35 கிலோமீட்டர் வர வேண்டும். கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று அதற்கும் அப்பால் இருப்பவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்தாலும் பத்து மணி வகுப்புக்குத் திண்டுக்கல் போய்ச் சேர முடியாது. நான்கு மணிக்கு வகுப்பு முடிந்து புறப்பட்டால் மேல்மலைக்கு அன்றைக்குத் திரும்ப முடியாது. தங்கிப் படிக்கலாம் என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னார். பால் கறக்க வேண்டிய மாடும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனும், மூடினால் வாடிக்கை போய்விடும் கடையும் உள்ளவளிடம் சொல்லக்கூடிய யோசனைதானா இது என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். கீழ்மலைக்காரர்களுக்கு, அதாவது பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து வரும் நால்வருக்கு, தொலைவு சற்றுக் குறைவு. ஆனாலும் காபி பழம் பறிக்கும் காலத்தில் அவர்களாலும் போக முடியாது.

இடமும் நேரமும் மட்டும் பிரச்சினையாக இருந்தால் இந்த மடல் இங்கேயே முடிந்திருக்கும். பாடநூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலையை மறந்துவிடும் பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. பாடநூலில் உள்ள மாதிரித் தொழில், குடிநீரைச் சிறு பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து விற்பது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலை விற்பதற்குத் தடை உள்ள மலையில் உட்கார்ந்து, அதன் லாப நட்டக் கணக்கை நாங்கள் மூன்று நாட்கள் போட்டோம். கண்ணாடிப் பாட்டிலின் எடை, அதற்கான வண்டிக் கூலி, கொண்டை ஊசி வளைவுகளில் உடையும் பாட்டிலுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பவை பற்றி ஒரு வரி இல்லை. ஜிஎஸ்டி படிவங்களை நிரப்ப நான்கு வகுப்புகள் ஒதுக்கப்பட்டன. பொருள் விற்கிறவர்களுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக அந்தப் பதிவே கட்டாயமாகிறது. என் கடையின் ஆண்டு விற்பனை அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை, வகுப்பில் வேறு யாரும் அதன் பக்கத்தில் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கு வகுப்புகளில் ஒன்றையாவது, விதைப்பூண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விளைச்சலைத் தன்னிடமே போடச் சொல்லும் வியாபாரியிடம் எப்படிப் பேரம் பேசுவது என்பதற்கும், வாரத் தவணை வசூலிக்கும் குழுக்கடனுக்கு உண்மையில் எவ்வளவு வட்டி விழுகிறது என்று கணக்கிடுவதற்கும் ஒதுக்கியிருக்கலாம்.

எங்கள் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது விளையும் ஊரின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதற்கான முயற்சியில் கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் குறியீட்டின் பெயரால் பொருளை விற்க வேண்டுமானால், விளைவிக்கிறவர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யும் அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. மலைப்பூண்டு விற்கும் ஐந்து பெண்கள் படிக்கும் வகுப்பில் இந்தப் பதிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. வெளியூர்ப் பூண்டை வாங்கிவந்து புகை போட்டு மலைப்பூண்டு என்று விற்கிறவர்களுக்கு நடுவில் எங்கள் பொருளைத் தனித்துக் காட்ட எங்களுக்கு இருக்கும் ஒரே சட்ட வழி அது. நல்ல பூண்டை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையேற்றி மாதக்கணக்கில் காப்பாற்ற எங்களுக்குத் தெரியும். அதன் பெயரைக் காப்பாற்றத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலையோ மலையில் தீர்மானமாவதில்லை, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தையில் தீர்மானமாகிறது. அன்றைய விலையை விசாரித்துவிட்டுப் பொருளை இறக்குவதா, இன்னும் ஒரு மாதம் பரணில் வைப்பதா என்று முடிவு செய்வது எங்கள் தொழிலின் உயிர்நாடி. இருப்பு மேலாண்மை என்ற தலைப்பில் உங்கள் நூலில் இருப்பது சோப்பும் பிஸ்கட்டும்.

இந்தப் பாடத்திட்டத்தின் விளைவு மதிப்பீட்டில் எப்படி வெளிப்பட்டது என்பதற்கு, மதிப்பீட்டுக்காக என் கடையைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த திட்ட அறிக்கையே சான்று. படிவத்தில் "மாத விற்பனை" என்று ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. அதை 12 ஆல் பெருக்கி அடுத்த கட்டத்தில் எழுத வேண்டும். நான் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு, தனித்தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக என் நோட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன். கடந்த ஆண்டு மொத்த விற்பனை 3,96,000 ரூபாய். அதில் மே மாதம் மட்டும் 92,000, நவம்பரில் 7,000. அறிக்கை சிவப்பு மையில் ஒரு குறிப்புடன் திரும்பி வந்தது: விற்பனைக் கணிப்பு சீராக இல்லை, சராசரி எடுத்து எழுதவும். சராசரி எடுத்தால் மாதம் 33,000 வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நம்பி மாதம் 6,000 ரூபாய் தவணையில் கடன் வாங்கினால், மழையில் சாலை அடைபட்டு 7,000 ரூபாய்க்கு விற்கும் நவம்பரில், எண்ணெய்க்கும் பாட்டிலுக்கும் போக எதை எடுத்துக் கட்டுவது? சீசன் பணத்திலிருந்து தவணைக்கென்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதைத்தான் நான் அந்தத் தாளில் கணக்குப் போட்டிருந்தேன். உங்கள் வகுப்பில் கற்ற பணப்புழக்க அட்டவணையைக் கொண்டுதான் போட்டேன். கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தியதற்காக மதிப்பெண் குறைந்தது எனக்கு மட்டுமே நேர்ந்ததில்லை. குதிரைக்காரருக்கும் அதே சிவப்பு மைதான்.

மலையில் ஒரு ஆண்டின் கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு என் மாமியார் எழுதி வைத்த 2018-ஆம் ஆண்டு நோட்டை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அந்த ஆண்டு குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பதால் வழக்கமாக ஆள் நடமாட்டம் இல்லாத ஆகஸ்ட், செப்டம்பரில்கூட வண்டிகள் நின்றன. பக்கத்துக்குப் பக்கம் வரவு. நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தது. அதற்குப் பிறகு பல பக்கங்களில் தேதி மட்டும் இருக்கிறது, எதிரே ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் "கரண்டு இல்லை, பஸ் இல்லை" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். 2020-இல் சீசன் தொடங்குவதற்கு முன்பே, மார்ச் 25-இல், நாடு முழுவதும் ஊரடங்கு. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதி. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளுக்கு மேல் அனுமதியில்லை என்ற வரம்பு. இந்த உத்தரவை நான் குறை கூறவில்லை. சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பதையும், அதன் புகையையும் குப்பையையும் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள். வரம்பு வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் வரும் வண்டிகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு என்று தெரிந்த பிறகு எவ்வளவு சரக்கு போடுவது, எத்தனை பேரைக் கூலிக்கு வைப்பது என்று கணிப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்குமா? கொடைக்கானலில் நடக்கும் சிறுதொழில் வகுப்பில் இ-பாஸ் என்ற சொல் தேநீர் இடைவேளையில் மட்டும்தான் அடிபட்டது.

மலைக்குத் தனிக் கவனம் கேட்பது சலுகை கேட்பதாக உங்களுக்குத் தோன்றலாம். 2008 முதல் நடைமுறையில் இருக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் விதிகளிலேயே மலைப்பகுதி சிறப்புப் பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறது. பொதுப் பிரிவினர் ஊரகத்தில் 25 விழுக்காடு மானியம் பெறும்போது சிறப்புப் பிரிவினருக்கு அது 35 விழுக்காடு, சொந்த முதலீடும் 10 விழுக்காட்டுக்குப் பதில் 5 விழுக்காடு போதும். மலையில் தொழில் செய்வது கடினம் என்று கடன் கொடுக்கும் திட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடனுக்கு ஆட்களைத் தயார் செய்யும் பயிற்சிக்குத் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதேபோல, ஏற்கெனவே கைவசம் உள்ள திறனை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழி தேசியத் திறன் பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. கொத்தனாருக்கும் தையல்காரருக்கும் அப்படிச் சான்று தர முடியுமானால், பத்தாண்டுகளாகக் கடை நடத்துகிறவரின் கணக்கு நோட்டைப் பார்த்து ஏன் மதிப்பிட முடியாது?

உங்கள் தரப்புச் சிரமங்களும் எனக்கு ஓரளவு தெரியும். வாடகை இருக்கிறது, பயிற்றுநர்கள் மலைக்கு வரத் தயங்குகிறார்கள், ஒரு வகுப்புக்கு இத்தனை பேர் இருந்தால்தான் பணம் விடுவிக்கப்படும் என்ற விதி இருக்கலாம். பனிக்காலத்தில் காலை எட்டு மணிக்கு எங்கள் பயிற்றுநர் கைகளைத் தேய்த்துக்கொண்டு கதவைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் பட்ட பாட்டுக்கு இந்த அறிவிப்பு நன்றியில்லாத செயல் என்றே சொல்வேன். வாடகைதான் தடை என்றால், மாலையிலும் விடுமுறை நாட்களிலும் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்கள் மேல்மலையிலும் கீழ்மலையிலும் இருக்கின்றன. ஊராட்சியில் பேசிச் சாவி வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. கதவில் ஒட்டிய அறிவிப்பை உடனடியாக நிறுத்தி வைத்து, நடப்புப் பிரிவின் எஞ்சிய வகுப்புகளையும் இறுதி மதிப்பீட்டையும் கொடைக்கானலிலேயே நடத்த வேண்டும். மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டு நாள் மலைக்கு வருவது, பத்தொன்பது பேர் மலையிறங்குவதைவிடச் செலவு குறைந்தது என்பதை உங்கள் அடக்கவிலைப் பாடத்தின்படியே கணக்கிட்டுப் பார்க்கலாம். கைரேகை விழாத நாட்களுக்குப் பயிற்றுநரின் கையெழுத்து நோட்டை வருகைச் சான்றாக ஏற்க வேண்டும். சீசனில் விடுபட்ட வகுப்புகளை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கூடுதல் நாட்கள் வைத்து ஈடுசெய்ய வேண்டும். அந்த மாதங்களில் நீங்கள் அழைக்கும் எந்த நாளிலும் வருவதாகப் பதினேழு பேர் கையெழுத்திட்ட கடிதத்தை ஏற்கெனவே மையத்தில் கொடுத்திருக்கிறோம்.

அடுத்து வரும் பிரிவுகளுக்கு, ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை வகுப்பே இல்லாதபடி கால அட்டவணையை மாற்றி, வாரம் ஐந்து நாள் என்பதை இரண்டு அல்லது மூன்று நாளாகக் குறைத்து, பயிற்சிக் காலத்தை நீட்டிக்க வேண்டும். இயன்றால் வாரத்தில் ஒரு நாள் மேல்மலையிலும் ஒரு நாள் கீழ்மலையிலும் வகுப்பு நடக்க வேண்டும்.

திட்ட அறிக்கைப் படிவத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டங்கள் வேண்டும். என்னுடையதும் குதிரைக்காரருடையதும் உட்பட, விற்பனை சீராக இல்லை என்ற காரணத்துக்காக மதிப்பெண் குறைக்கப்பட்ட அறிக்கைகள் அனைத்தையும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். தொழில் நடத்திக்கொண்டே படிக்கிறவர்கள், மாதிரி அறிக்கைக்குப் பதிலாகத் தங்கள் ஓராண்டுக் கணக்கு நோட்டையே மதிப்பீட்டுக்குச் சமர்ப்பிக்க அனுமதிக்க வேண்டும். பாடநூலுக்கு மலைக்கென ஓர் இணைப்பு வேண்டும்: பருவக் கணக்கு, கண்ணாடிப் பொதிவு, புவிசார் குறியீட்டுப் பயனாளர் பதிவு, முன்பணமும் தரகும், குழுக்கடன் வட்டி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். எழுத ஆளில்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். எங்கள் நோட்டுகளில் உள்ள உண்மையான எண்களுடன் எழுதித் தருகிறோம், பெயர் போட வேண்டியதில்லை.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் அதற்குள் ஒரு நாள் கொடைக்கானலுக்கு வந்து எங்களுடன் பேச வேண்டும் என்பதும் என் கோரிக்கை. எந்த நாளாக இருந்தாலும் வருவோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று வாரச்சந்தை, எங்களில் பாதிப்பேர் கடையில் இருப்போம்.

இப்படிக்கு,
மேல்மலையைச் சேர்ந்த பூண்டுக் கடைக்காரி,
நடப்புப் பிரிவின் பயிற்சி மாணவி